தூரத்து இணைப்பு குறைவா, தலை ஆடியதா?

பிப்ரவரி 3 (கேள்வி)

ஆட்டிசம் உள்ளவர்களின் மூளையில் அருகருகே இருக்கும் பகுதிகளுக்குள் இணைப்பு அதிகம், தொலைவில் இருக்கும் பகுதிகளுக்கிடையே குறைவு என்று படித்தேன். ஒரே விஷயத்தில் கவனம் ஒட்டிக்கொள்வதற்கும் கூப்பிட்டால் திரும்பாததற்கும் இதுதான் காரணமா? என் மகளுக்கு ஆறு வயது. மூளையை ஸ்கேன் எடுத்தால் தெரியுமா?

பிப்ரவரி 3, இரவு

கடைசிக் கேள்விக்குத்தான் பதில் சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். தெரியாது. எடுக்க வேண்டாம். இவருக்கு ஆட்டிசம் இருக்கிறது, இவருக்கு இல்லை என்று ஆளாளுக்குப் பிரித்துச் சொல்லும் ஸ்கேன் எதுவும் இன்றுவரை இல்லை. நடத்தையைப் பார்த்தும் வளர்ந்த கதையைக் கேட்டும்தான் கண்டறிகிறார்கள். எனக்கும் அப்படித்தான் கண்டறிந்தார்கள், 38 வயதில். "உங்கள் அம்மாவிடம் கொஞ்சம் பேச வேண்டும்" என்று அந்த நிபுணர் சொன்னபோது, என்ன குற்றம் செய்தோம் என்று ஒரு கணம் யோசித்தேன். பள்ளிக்கூட ஞாபகம்.

மற்ற இரண்டு கேள்விகளையும் ஐந்து வருடம் முன்பு கேட்டிருந்தால் தயங்காமல் "ஆமாம்" என்றிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். காரணத்தை நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 4, காலை

திருத்தம். "எடுக்க வேண்டாம்" என்று ஒரேயடியாக எழுதிவிட்டேன். வலிப்பு போன்ற வேறு காரணத்துக்காக மருத்துவர் ஸ்கேன் கேட்டால் அது வேறு கணக்கு. ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக எடுக்க வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

பிப்ரவரி 4, இரவு

"இணைப்பு" என்ற சொல்தான் ஆளை ஏமாற்றுகிறது. கேட்டவுடன் கம்பி ஞாபகம் வருகிறது. மூளையில் கம்பி போன்ற நரம்பிழைக் கற்றைகள் உண்டு, அவற்றைப் பார்க்கத் தனி ஸ்கேன் முறையும் உண்டு. ஆனால் நீங்கள் படித்ததில் பெரும்பகுதி கம்பியைப் பற்றியதாக இருக்காது. செயல்சார் இணைப்பு என்று ஒன்றைச் சொல்கிறார்கள், அதுவாகத்தான் இருக்கும். ஓரிடத்தில் நரம்பணுக்கள் சுறுசுறுப்பானால் சில நொடிகள் கழித்து அங்கே ஆக்சிஜன் ஏறிய ரத்தம் கூடும், ஸ்கேன் பார்ப்பது இதைத்தான். இரண்டு இடங்களில் இந்த ஏற்ற இறக்கம் சேர்ந்து நடந்தால் அவை "இணைந்தவை". அவ்வளவுதான். 1995இல் பரத் பிஸ்வாலும் அவருடைய சகாக்களும், விரலைக்கூட அசைக்காமல் சும்மா படுத்திருப்பவரின் இடது, வலது இயக்கப் பகுதிகள் சேர்ந்தே ஏறி இறங்குவதைக் காட்டினார்கள். இந்தத் துறை அங்கிருந்துதான் கிளம்பியது.

எதிர்வரிசையில் இரண்டு வீட்டு ஜன்னல்களில் ஒரே நேரத்தில் விளக்கு அணைகிறது என்று வையுங்கள். இரண்டுக்கும் நடுவே கம்பி ஓடுகிறது என்று நினைக்கலாம். இரண்டு வீட்டாரும் ஒரே தொடரைப் பார்த்து முடித்துவிட்டுப் படுக்கப் போனார்கள் என்றும் நினைக்கலாம். தெருவில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

ஆட்டிசத்தில் இந்தக் கதையைப் பிரபலமாக்கியது 2004இல் மார்செல் ஜஸ்ட், நான்சி மின்ஷூ குழுவினர் வெளியிட்ட ஆய்வு. கண்ணை மூடிப் படுத்திருந்த ஆட்டிசம் உள்ள 17 பேர், இல்லாத 17 பேர். ஆட்டிசம் உள்ளவர்களிடம் மொழி தொடர்பான பகுதிகளின் ஒத்திசைவு குறைவு. அடுத்த வருடமே எரிக் கூர்ஷேன், கேரன் பியர்ஸ் இருவரும், முன்மூளை தனக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிறது, தூரத்துப் பகுதிகளோடு பேச்சு இல்லை என்ற படிமத்தைத் தந்தார்கள். தனக்குள் பேசிக்கொள்வது எனக்குப் பழக்கமான காரியம் என்பதால் உடனே பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதுதான் ஆபத்து.

பிப்ரவரி 6

ஏன் பிடித்தது என்று சொல்ல வேண்டும்.

நான் மெய்ப்புத் திருத்துபவன். வருடத்துக்கு நாற்பது புத்தகம் கண்ணில் படும். வல்லினம் மிகாத இடத்தில் ஒரு "ப்" நின்றால் பக்கத்தைத் திருப்பும்போதே அது உறுத்தும். படிப்பதற்கு முன்பே, செருப்புக்குள் கல் போல. ஒரு தடவை முந்நூறு பக்க நாவல் ஒன்றைத் திருத்தி அனுப்பினேன். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை என்று பதிப்பாளர் பாராட்டினார். பிறகு மெல்ல, "112, 113ஆம் பக்கங்கள் மறுபடியும் 114, 115ஆக வந்திருக்கின்றனவே, பார்க்கவில்லையா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. அந்த இரண்டு பக்கங்களையும் இரண்டு முறை திருத்தியிருந்தேன். இரண்டு முறையும் அதே எட்டுப் பிழைகள், அதே சிவப்பு மை.

1989இல் உளவியலாளர் உட்டா ஃபிரித் சொன்னது இதுதான் என்று எனக்குத் தோன்றியது. சிதறிய விவரங்களைத் திரட்டி ஒரு முழுமையாகக் காணும் உந்துதல் ஆட்டிசத்தில் பலவீனம் என்பது அவர் கருத்து. உருவங்களுக்குள் ஒளிந்திருக்கும் சிறு வடிவத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையில் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் நன்றாகச் செய்ததை அமிதா ஷாவும் அவரும் 1983இலேயே காட்டியிருந்தார்கள். அருகே அதிகம், தூரத்தில் குறைவு என்ற மூளைப் படத்தை இதன்மேல் வைத்தால் அச்சுக்கு அச்சு பொருந்துகிறது. பக்கத்து எழுத்து தெரிகிறது, பக்கத்துப் பக்கம் தெரியவில்லை.

இதை நான் பல வருடம் பலரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிப்ரவரி 7

மேலே 2004 ஆய்வில் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள் என்று எழுதியது தவறு. அவர்கள் ஸ்கேனருக்குள் வாக்கியங்களைப் படித்தார்கள். செய்வினை, செயப்பாட்டுவினை வாக்கியங்கள். யார் செய்தார், யாருக்குச் செய்யப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்கள். பிஸ்வாலின் ஆய்வோடு குழப்பிக்கொண்டேன். மெய்ப்புத் திருத்துபவனுக்கு இது அழகல்ல.

பிப்ரவரி 11

இப்போது என் கதை.

ஓர் ஆய்வுக்குத் தன்னார்வலராகப் போனேன். காதில் அடைப்பான், தலையின் இருபுறமும் நுரைத் திண்டு, முகத்துக்கு மேலே கூண்டு போன்ற ஒரு கருவி. கண்ணெதிரே திரையில் ஒரு கூட்டல் குறி. "இதையே பாருங்கள், எதையும் குறிப்பாக நினைக்காதீர்கள், தூங்காதீர்கள், அசையாதீர்கள். எட்டு நிமிடம்." இயந்திரம் தொடங்கியது. தட்டுவது, உறுமுவது, பிறகு ஒரே சுருதியில் விட்டுவிட்டு அடிப்பது. முதல் நிமிடத்திலேயே அந்த ஒலியில் ஐந்துக்கு ஒன்று லேசாக மாறுவது போலப் பட்டது. எண்ணத் தொடங்கினேன். தாடை எண்ணிக்கைக்கு ஏற்ப இறுகித் தளர்ந்தது எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பங்கேற்புக்கு நன்றி, தலை அசைவு காரணமாக உங்கள் தரவைப் பயன்படுத்த இயலவில்லை. கோபத்தில், எவ்வளவு அசைந்தேன் என்று கேட்டு எழுதினேன். மில்லிமீட்டரின் பின்னங்களில் பதில் வந்தது. 0.2 மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்த நொடியின் படத்தையே நீக்கிவிடும் ஆய்வகங்கள் உண்டு என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஏன் இவ்வளவு கெடுபிடி என்று படிக்கப் போனேன். விழுந்தது அடி.

2012இல் ஜொனாதன் பவர் குழு, வான் டைக் குழு, சாட்டர்த்வைட் குழு என்று மூன்று குழுக்கள், ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே விஷயத்தைக் காட்டின. படம் எடுக்கும்போது தலை மிகச் சிறிதளவு அசைந்தாலும் அருகருகே உள்ள புள்ளிகளின் ஒத்திசைவு செயற்கையாகக் கூடும், தொலைவில் உள்ளவற்றின் ஒத்திசைவு குறையும். மறுபடி படியுங்கள். அருகே அதிகம், தூரத்தில் குறைவு. இங்கே முதல் நாள் கேட்கப்பட்ட கேள்வியின் வாசகமே அதுதான். ஸ்கேனருக்குள் யார் அதிகம் அசைவார்கள்? குழந்தைகள், பதற்றம் உள்ளவர்கள், என்னைப் போன்றவர்கள்.

ஆக, பல வருடம் நான் என் மூளையின் படம் என்று நினைத்தது என் தாடையின் படம்.

பிப்ரவரி 12

சிரிக்க ஒன்று. 2009இல் கிரெய்க் பென்னட்டும் சகாக்களும் செத்துப்போன ஒரு சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று மீனிடம் "கேட்டார்கள்". புள்ளியியல் திருத்தம் செய்யாமல் கணக்குப் போட்டால் மீனின் மூளையில் செயல்பாடு தெரிந்தது. 2012இல் இதற்கு, முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது. ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சோதித்தால் சில தற்செயலாக எரியும், ஜாக்கிரதை என்பது பாடம். நான் கவனித்தது வேறு. அந்த மீனின் தரவைத் தலை அசைவு என்று சொல்லி யாரும் நிராகரித்திருக்க முடியாது.

பிப்ரவரி 13

ஒருவர் கடுமையாகக் கேட்டிருக்கிறார், "அப்படியானால் எல்லாமே தலை அசைவு என்கிறீர்களா?" நியாயமான குத்து. 11ஆம் தேதி கோபத்தில் கொஞ்சம் தூக்கலாக எழுதிவிட்டேன்.

எல்லாம் இல்லை. 2011இல் இலான் டின்ஸ்டைன் குழு தூங்கிக்கொண்டிருந்த சிறு குழந்தைகளை ஸ்கேன் செய்தது. இரண்டு அரைக்கோளங்களிலும் உள்ள மொழிப் பகுதிகளின் ஒத்திசைவு ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் குறைவாக இருந்தது. தூங்கும் குழந்தை இயந்திர ஒலியை எண்ணாது. ஆனால் 2013இல் ஸ்டான்ஃபோர்டில் சுபேகர், உத்தின், மேனன் முதலானோர் பள்ளி வயதுக் குழந்தைகளிடம் நேர்மாறாகக் கண்டார்கள். அங்கே இணைப்பு கூடுதல். வயதுக்கு வயது படம் மாறலாம் என்பது அவர்களுடைய யோசனை. 17 ஆய்வகங்கள் தங்கள் கோப்புகளை ஒன்றாகக் கொட்டிய தொகுப்பைப் பற்றிய கட்டுரை 2014இல் வந்தது. ஆட்டிசம் உள்ள 539 பேர், இல்லாத 573 பேர், அந்தத் தொகுப்பின் பெயர் அபைடு. அதில் சில இடங்களில் குறைவு, சில இடங்களில் கூடுதல், இரண்டும் வந்தன. 2019இல் நான்கு பெரிய தொகுப்புகளை ஹோலிகா குழு அலசியபோது ஒரே மாதிரியான போக்கு ஒன்று திரும்பத் திரும்பத் தெரிந்தது. புலன், இயக்கப் பகுதிகளில் குறைவு, முன்நெற்றியிலும் உச்சிப் பக்கத்திலும் கூடுதல். ஆனால் வேறுபாடு சிறியது. இரண்டு கூட்டத்தையும் வரைந்தால் ஒன்றின்மேல் ஒன்று பெரும்பாலும் படிந்துவிடும். அதனால்தான் ஸ்கேன் வைத்து ஒரு குழந்தையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்றேன்.

எனக்கு மிகவும் பிடித்தது 2015இல் அவிதல் ஹஹாமி, மார்லின் பெர்மன், ரஃபாயல் மலக் சொன்னது. ஆட்டிசம் இல்லாதவர்களின் இணைப்பு வரைபடங்கள் ஒன்றுக்கொன்று சாயலாக இருந்தன. ஆட்டிசம் உள்ளவர்களின் வரைபடங்கள் ஆளுக்கொரு திசையில் விலகியிருந்தன. சராசரி எடுத்தால் அந்த விலகல்கள் ஒன்றையொன்று அடித்துவிடும். பாதிப் பேர் கூடுதல், பாதிப் பேர் குறைவு, சராசரி பூஜ்யம்.

பிடித்தது என்று எழுதியதும் 4ஆம் தேதிக் குறிப்பு ஞாபகம் வந்தது. இதையும் சந்தேகத்தோடுதான் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 14

இன்னொன்று விட்டுப்போயிற்று. அசையாமல் படுக்க முடிந்தவர்களின் தரவு மட்டும்தான் கணக்கில் சேர்கிறது. பேச்சு வராதவர்கள், அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்து இருப்பவர்கள், இந்தப் படங்களில் அநேகமாக இல்லை. "ஆட்டிச மூளை" என்று பத்திரிகையில் வண்ணப் படம் பார்த்தால், அதற்குள் படுத்திருந்தது யார் என்று கேளுங்கள்.

பிப்ரவரி 20

"கவனக்குறைவு" என்ற சொல்லைப் பற்றி ஒருவர் கேட்டார். தொழில்முறையில் எனக்கு இதில் ஆத்திரம் உண்டு. ஏடிஎச்டி என்பதைத் தமிழில் "கவனக்குறைவு மற்றும் மிகை இயக்கக் கோளாறு" என்று எழுதுகிறோம். கவனக்குறைவு என்றால் நம் மொழியில் அஜாக்கிரதை. "கவனக்குறைவால் விபத்து" என்று செய்தி போடுகிறோம். நோயின் பெயரே குற்றப்பத்திரிகை. என் அக்கா மகனுக்கு ஏடிஎச்டி, ஆட்டிசம் இரண்டும் உண்டு. 2013க்கு முன்பு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டின்படி இரண்டையும் ஒரே ஆளுக்குச் சொல்ல முடியாது. அந்த வருடம் வந்த ஐந்தாம் பதிப்புதான் அனுமதித்தது. அவனிடம் கவனம் குறைவாக இல்லை. ஒரு விசிறியின் மூடியைக் கழற்றி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தவனைக் கவனம் குறைந்தவன் என்று எப்படி எழுதுவது?

ஆட்டிசத்துக்கு "மதியிறுக்கம்" என்று எழுதச் சொல்லும் பதிப்பாளர்களும் உண்டு. சொல்கிறார்கள், போடுகிறேன். எனக்கு இறுகியிருப்பது மதி அல்ல, கழுத்து.

மார்ச் 2

கவனத்துக்கு வருகிறேன். உண்மையில் முதலிலேயே இதை எழுதியிருக்க வேண்டும்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் அக்கா வெளியே கிளம்பும்போது, "மழை வந்தால் மாடியில் துணி கிடக்கிறது, எடுத்து உள்ளே போட்டுவிடு" என்றாள். சரி என்றேன். மேசையில் மெய்ப்பு. அவள் திரும்பி வந்தபோது துணியெல்லாம் சொட்டச் சொட்ட.

"மழைச் சத்தம் கூடவா கேட்கவில்லை?"

கேட்டது. நன்றாகவே கேட்டது. தகரத்தில் விழுந்தது ஒரு மாதிரி, தண்ணீர்த் தொட்டியின் மூடியில் விழுந்தது அதைவிடத் தாழ்ந்த சுருதி, கொடியிலிருந்து தரையில் சொட்டியது விட்டுவிட்டு. மூன்றையும் பிரித்துக் கேட்டேன். கொடி என்றதும் துணி ஞாபகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. மழை ஓர் அறையில், துணி வேறோர் அறையில், நடுவே கதவைத் திறக்க ஆள் இல்லை. மெய்ப்பு முடிந்து பேனாவை வைத்தேன். அந்த நொடியில் துணி வந்தது.

இதைத் தூரத்து இணைப்பு அறுந்தது என்று சொல்லலாம்தான். ஆனால் பேனாவை வைத்ததும் எப்படி வந்தது? கம்பி அறுந்திருந்தால் அப்போதும் வந்திருக்காது.

டைனா மரே, மைக் லெஸ்ஸர், வென் லாசன் மூவரும் 2005இல் எழுதியதை இந்த இடத்தில்தான் நினைத்துக்கொள்கிறேன். மோனோட்ரோபிசம் என்று அதற்குப் பெயர். கவனம் அளவுள்ள ஒரு பொருள். சிலர் அதைப் பல ஆர்வங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுகிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் ஒன்றிரண்டில் முழுக்கக் கொட்டுகிறார்கள். கொட்டியதை அள்ளி வேறிடத்தில் ஊற்ற நேரம் பிடிக்கிறது, வலிக்கிறது. நான் இதற்கு "ஒருமுனைக் கவனம்" என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

அள்ளுவதற்குப் பிடிக்கும் நேரத்தை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2004இல் லாண்ட்ரி, பிரைசன் செய்த சோதனையில் நடுவே ஒரு படம் இருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று தோன்றும். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் ஐந்தில் ஒரு முறை முழு எட்டு நொடியும் முதல் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பின்னர் வந்த சில ஆய்வுகளில் இந்த வேறுபாடு தென்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் ஒருமுனை என்றால் மற்றது எதுவும் உள்ளே வராது என்று நினைத்துவிடாதீர்கள். 2017இல் ஆனா ரெமிங்டன், ஜேக் ஃபேர்னி ஒரு ஒலிப்பதிவைக் கேட்க வைத்தார்கள். இரண்டு பெண்கள் ஓர் உரையாடல், இரண்டு ஆண்கள் ஓர் உரையாடல், பெண்கள் பேசுவதை மட்டும் கவனி என்று கட்டளை. நடுவே ஒருவர் "நான் கொரில்லா" என்று சொல்லிக்கொண்டே நடந்து போவார். ஆட்டிசம் இல்லாதவர்களில் 12 சதவீதம் பேர் அதைக் கவனித்தார்கள். உள்ளவர்களில் 47 சதவீதம். கவனம் குறைந்தவர்கள் யார் என்று நீங்களே சொல்லுங்கள். (தொட்டி மூடியின் சுருதி என் காதில் விழுந்ததை இதோடு சேர்த்துக்கொள்கிறேன். துணியைச் சேர்த்துக்கொள்ள முடியவில்லை.)

மார்ச் 3

112ஆம் பக்கக் கதையில் ஒன்றை மறைத்துவிட்டேன். வேண்டுமென்றே இல்லை, கதை அப்படியே பழகிவிட்டது. அந்த நாவலுக்கு எனக்குப் பிறகு இன்னொருவர் இரண்டாம் மெய்ப்பு பார்த்தார். அவருக்கு ஆட்டிசம் இல்லை, ஊர் வம்பெல்லாம் ஒரே நேரத்தில் விரல்நுனியில் வைத்திருப்பவர். அவரும் கவனிக்கவில்லை. மெய்ப்பு பார்க்கும் எவரும் கதையைப் படிப்பதில்லை, எழுத்தைத்தான் படிக்கிறார்கள். ஆக, என் பிரதான சாட்சி பிறழ்சாட்சி.

மார்ச் 5

முதல் கேள்வி கேட்டவருக்கு. மகள் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றீர்கள். காது சோதனை செய்துவிட்டீர்களா? இல்லையென்றால் முதலில் அது. அது சரியாக இருந்தால், என் அக்கா செய்வதைச் சொல்கிறேன். அவள் பின்னாலிருந்து கூப்பிடுவதை விட்டுவிட்டாள். வந்து மேசையோரம் நிற்பாள், நான் பார்க்கும் பக்கத்தின் ஓரத்தில் விரலை வைப்பாள். எழுத்தின்மேல் வைக்க மாட்டாள். வரி முடியும்வரை காத்திருப்பாள். பிறகுதான் பேச்சு. அதற்கு முன் பேசினால் "ம்" என்பேன், அந்த "ம்" செல்லாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

உங்கள் மகளுக்கு வரி எங்கே முடிகிறது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மார்ச் 17

மறுபடி ஸ்கேனருக்குப் போய் வந்தேன். வேறோர் ஆய்வகம். இந்த முறை முதலில் போலி ஸ்கேனர் ஒன்றில் படுக்க வைத்து அரைமணி நேரம் பழக்கினார்கள். காந்தம் இல்லாத வெறும் குழாய், சத்தம் மட்டும் ஒலிபெருக்கியில். பிறகு அசல். நெற்றியில் ஒரு நாடா ஒட்டினார்கள். தலை அசைந்தால் தோல் இழுபடும், உடனே தெரிந்துவிடும்.

எட்டு நிமிடமும் நான் செய்தது ஒன்றே ஒன்று, அசையாமல் இருப்பது. மூச்சை நாடா இழுக்காத அளவுக்கு விட்டேன். மூக்கின் இடது ஓரத்தில் அரிப்பு எடுத்து, வளர்ந்து, உச்சம் தொட்டு, தானே போயிற்று. அவர்களுடைய கோப்பில் இந்த எட்டு நிமிடத்துக்கு "ஓய்வு நிலை" என்று பெயர். வெளியே வந்ததும் அங்கிருந்த பெண், "மிக அருமை, அசைவே இல்லை, நிச்சயம் பயன்படுத்துவோம்" என்றார். ஓய்வாக இருந்தேனா என்று கேட்கவில்லை. நானே சொன்னேன், எழுதிக்கொண்டார்.

"வேறு ஏதாவது உண்டா?"

கூட்டல் குறியின் வலது கை இடது கையைவிட ஒரு மயிரிழை நீளம் என்றேன். சிரித்தார். பிறகு உள்ளே போய்த் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு பிக்சல்.